குழந்தையின் கண்ணில் வெள்ளை ஒளியா? "பூ விழுந்திருக்கு" என்று சும்மா இருந்து விடாதீர்கள்!

போட்டோவே காட்டிக் கொடுக்கும் கண் புற்றுநோய்

தஞ்சாவூர்:-

காதுகுத்து வீட்டில் எடுத்த போட்டோ என்று வைத்துக் கொள்ளுங்கள். தாய்மாமன் மடியில் குழந்தை. மொட்டைத் தலையில் சந்தனம். பிளாஷ் வெளிச்சத்தில் மாமனின் இரண்டு கண்ணிலும் சிவப்புப் புள்ளி. குழந்தைக்கும் ஒரு கண்ணில் சிவப்புப் புள்ளி. ஆனால் மறு கண்ணில்?

வெள்ளை! பால் ஊற்றியது போல வெள்ளை!

"பிளாஷ் பட்டிருக்கு, வேறென்ன?" என்று சொல்லி விட்டு அடுத்த போட்டோவைப் பார்க்கப் போய் விடுகிறோம்.

அங்கேதான் தப்பு நடக்கிறது. குழந்தையின் கண்ணுக்குள் புற்றுநோய்க் கட்டி இருந்தாலும் போட்டோவில் இப்படித்தான் தெரியும்.

"பச்சைக் குழந்தைக்குப் புற்றுநோயா? அதுவும் கண்ணிலா?" என்று கேட்பீர்கள். வரும். பிறக்கும்போதே இருந்தாலும் இருக்கும். அதன் பெயர் ரெட்டினோபிளாஸ்டோமா. வாயில் நுழையாத பெயர். பெயரை மறந்தாலும் பரவாயில்லை, அடையாளத்தை மறக்காதீர்கள்.

எத்தனை பேருக்கு வருகிறது?

சுமார் 16 ஆயிரம் முதல் 18 ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய் வருகிறது. உலகம் பூராவும் வருஷத்துக்கு 8 ஆயிரம் குழந்தைகள். இந்தியாவில் மட்டும் ஆண்டுதோறும் 1,500 முதல் 2,000 குழந்தைகள் என்று மதிப்பிட்டு இருக்கிறார்கள்.

பெரும்பாலும் 5 வயதுக்குள் வருகிறது. மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளுக்கு ஒரு கண்ணில். மற்றவர்களுக்கு இரண்டு கண்ணிலும்!

சின்னக் குழந்தைக்குத் தன் ஒரு கண் தெரியவில்லை என்று சொல்லத் தெரியாது. நல்ல கண்ணால் பார்த்துக் கொண்டு ஓடியாடி விளையாடும், சோறு தின்னும், சிரிக்கும். ஆரம்பத்தில் வலியும் கிடையாது. அதனால் பெற்றவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வெள்ளை ஏன் தெரிகிறது?

கருவிழியின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறதே, அதுதான் கண்மணி. அது ஒரு ஜன்னல். அதன் வழியாக வெளிச்சம் உள்ளே போய்ப் பின்பக்கத் திரையில் விழுகிறது. அந்தத் திரைதான் விழித்திரை. அங்கே ரத்த ஓட்டம் அதிகம். அதனால்தான் பிளாஷ் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது சிவப்பாகத் தெரிகிறது. சிவப்பு நல்ல அடையாளம்.

விழித்திரையில் வெள்ளைக் கட்டி வளர்ந்து இருந்தால்? வெளிச்சம் கட்டியில் பட்டு வெள்ளையாகத் திரும்புகிறது. இருட்டில் பூனையின் கண் மின்னுவது போல இருக்கும். "பூனைக்கண்" என்று இதைச் சொல்வது அதனால்தான்.

விளக்கு வைக்கும் நேரத்தில், மங்கல் வெளிச்சத்தில், கண்மணி நன்றாக விரிந்து இருக்கும். அப்போது குழந்தை ஒரு பக்கமாகத் திரும்பினால் பளிச்சென்று ஒரு மின்னல் தெரியும். அடுத்த நிமிஷம் மறைந்து விடும். "நமக்குத்தான் அப்படித் தோணுதோ?" என்று தாயே சந்தேகப்படுவாள். தாயின் கண் பொய் சொல்லாது. அவள் சொல்வதைக் கேளுங்கள்.

கவனிக்க வேண்டியது என்னென்ன?

1. கண்மணியில் வெள்ளை ஒளி. நேரிலோ, பிளாஷ் போட்டோவிலோ.

2. மாறுகண். "மாறுகண் இருந்தா ராசி" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். ராசி இருக்கட்டும், முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கட்டி பார்வையை மறைப்பதாலும் கண் விலகிப் போகும்.

3. கண் சிவந்து, வீங்கி, மருந்து விட்டும் ஆறாமல் இருப்பது.

4. ஒரு கண் பெரிதாகத் தெரிவது, கருவிழியின் நிறம் மாறுவது.

5. ஒரு கண்ணை மூடினால் குழந்தை அழுவது, சாமானைத் தேடித் தடவுவது.

6. கண் வெளியே பிதுங்கி வருவது. இது நோய் முற்றியதன் அடையாளம். அதுவரை காத்திருக்கக் கூடாது.

வெள்ளை தெரிந்தால் எல்லாமே புற்றுநோய் என்று பயந்து விடவும் வேண்டாம். பிறவிக் கண்புரையாக இருக்கலாம். விழித்திரையில் வேறு கோளாறாக இருக்கலாம். கேமரா பிடித்த கோணத்தால் நல்ல கண்ணிலும் எப்போதாவது ஒரு போட்டோவில் வெள்ளை விழும். எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். கண்புரையாக இருந்தாலும் குழந்தைக்கு அவசரம்தான். தாமதித்தால் பார்வை நிரந்தரமாகக் குறைந்து விடும்.

தஞ்சை மன்னரும் கண் படமும்

கண்ணைப் படமாக்கி நோயைப் பார்ப்பது நம் ஊருக்குப் புதிது அல்ல.

1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கண் வைத்தியத்தில் தனி ஆர்வம் கொண்டவர். தன்வந்திரி மகால் என்ற வைத்திய சாலையை நடத்தினார். அவர் காலத்தில் சிகிச்சை பெற்ற கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், கண்ணின் வண்ணப் படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. போட்டோ என்பதே இல்லாத காலம். ஓவியர் உட்கார்ந்து வரைந்த படங்கள்!

அதே காலத்தில், 1809-ல், ஸ்காட்லாந்து டாக்டர் ஜேம்ஸ் வார்ட்ராப் குழந்தைகளின் இந்தக் கண் கட்டியைப் பற்றி எழுதினார். "சீக்கிரமே கண்ணை எடுத்து விட்டால் உயிரைக் காப்பாற்றலாம்" என்பது அவர் கருத்து.

அன்று மன்னருக்கு ஓவியர் தேவைப்பட்டார். இன்று நம் சட்டைப் பையிலேயே கேமரா இருக்கிறது.

12-ம் நாள் போட்டோ

போட்டோ எப்படிக் காட்டிக் கொடுக்கும் என்பதற்கு ஒரு நிஜக் கதை.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பேலர் பல்கலைக்கழக ரசாயனப் பேராசிரியர் பிரையன் ஷா. 2008-ல் அவருக்கு மகன் பிறந்தான். பெயர் நோவா. சில மாதங்களில், போட்டோக்களில் குழந்தையின் கண் வெள்ளையாகத் தெரிவதைத் தாய் கவனித்தார். டாக்டரிடம் காட்டினார். இரண்டு கண்ணிலும் புற்றுநோய்! வலது கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. இடது கண் பிழைத்தது.

பிறகு தகப்பனார் வீட்டில் இருந்த எல்லா போட்டோக்களையும் தேடிப் பார்த்தார். குழந்தை பிறந்த 12-ம் நாள் எடுத்த போட்டோவிலேயே வெள்ளை ஒளி இருந்தது!

அவர் சும்மா இருக்கவில்லை. போட்டோக்களில் இந்த வெள்ளையைத் தேடும் செல்போன் செயலியைத் தன் குழுவோடு உருவாக்கினார். கண் நோய் உள்ள 20 குழந்தைகளின் பழைய போட்டோக்களைச் சோதித்ததில், 16 பேரின் படங்களில் டாக்டர் கண்டுபிடிப்பதற்கு முன்பே வெள்ளை இருந்தது. அதுவும் சராசரியாக 1.3 ஆண்டுகளுக்கு முன்பே! 2019-ல் இந்த ஆராய்ச்சி வெளியானது.

ஆனால் ஒன்று. இப்போதைய செல்போன்கள் கண்ணில் விழும் சிவப்பைத் தானாகவே அழித்து விடுகின்றன. அதனால் "போட்டோவில் ஒன்றும் இல்லை" என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் ஆகாது. சந்தேகம் இருந்தால் டாக்டர்தான் முடிவு.

"நடவு முடியட்டும்!"

நம் பக்கத்தில் தாமதம் எப்படி வருகிறது?

முதலில் வீட்டில் பெரியவர்கள் பார்ப்பார்கள். "பூ விழுந்திருக்குடி. தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடு. நந்தியாவட்டைச் சாறு விட்டா சரியாப் போயிடும்" என்பார்கள். அப்புறம் மந்திரிப்பு, திருஷ்டி சுற்றல். அதில் ஒரு மாதம் போகும்.

மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்காலில் வந்து விட்டால் அம்மாவுக்கு நடவு வேலை. அப்பாவுக்கு உழவு. "நடவு முடியட்டும், தஞ்சாவூர் கூட்டிக்கிட்டுப் போவோம்." நடவு முடிந்தால் களையெடுப்பு. பிறகு "அறுப்பு முடியட்டும், கையில காசு வரட்டும்."

குறுவை விளைய மூன்றரை மாதம். கட்டிக்கு அந்த மூன்றரை மாதம் தாராளம்! லேசர் சிகிச்சையால் போயிருக்க வேண்டிய கட்டி, கண்ணையே எடுக்க வேண்டிய அளவுக்கு வளர்ந்து விடும். இன்னும் விட்டால் கண் நரம்பு வழியாக மூளைக்கும், எலும்பு மஜ்ஜைக்கும் போய் விடும்.

உலகக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2017-ல் நோய் கண்டுபிடிக்கப்பட்ட 4,351 குழந்தைகளை 153 நாடுகளில் கணக்கெடுத்தார்கள். பணக்கார நாடுகளில் சுமார் 14 மாத வயதில் நோய் தெரிந்து விடுகிறது. ஏழை நாடுகளில் 30 மாதம் ஆகிறது. நோய் உடம்பில் பரவிய நிலையில் வந்தவர்கள் பணக்கார நாடுகளில் 1,000-க்கு 3 பேர். ஏழை நாடுகளில் 100-க்கு 19 பேர்! நோய் ஒன்றுதான். வித்தியாசம் தாமதத்தில்தான்.

டாக்டர் என்ன செய்வார்?

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைத்து உள்ளே பார்க்க வேண்டும். டார்ச் அடித்து மேலோட்டமாகப் பார்த்தால் போதாது. "மருந்து விட்டுப் பாருங்க டாக்டர்" என்று கேட்கத் தயங்காதீர்கள். சந்தேகம் வந்த போட்டோவையும் காட்டுங்கள்.

சந்தேகம் உறுதியானால் குழந்தைக்கு மயக்கம் கொடுத்து முழுவதும் பரிசோதிப்பார்கள். ஸ்கேன் எடுப்பார்கள். கட்டியை ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்ப்பது கிடையாது. குத்தினால் நோய் வெளியே பரவும்.

சின்னக் கட்டி என்றால் லேசர் கதிரால் சுடுவார்கள், அல்லது உறைய வைத்து அழிப்பார்கள். பெரிய கட்டிக்குக் கீமோ மருந்து. சீக்கிரம் வந்தால் உயிரும் தப்பும், பல சமயம் கண்ணும் தப்பும். வசதியுள்ள நாடுகளில் 100-க்கு 95 குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள்.

"கண்ணை எடுக்கணும்" என்றால்?

இந்த வார்த்தையைக் கேட்டதும் பெற்றவர்களுக்கு உலகமே இருண்டு விடும். "பொம்பளைப் பிள்ளையாச்சே, நாளைக்கு யார் கட்டிப்பா?" என்று குழந்தையைத் தூக்கிக் கொண்டு ஊருக்கே திரும்பி விடுகிறவர்கள் உண்டு. சில மாதம் கழித்து வரும்போது கண் பிதுங்கி இருக்கும். அப்போது உயிருக்கே ஆபத்து.

பார்வை போன கண்ணை எடுப்பது உயிரைக் காப்பாற்றத்தான். எடுத்த இடத்தில் உருண்டை ஒன்றை வைத்துத் தைத்து, புண் ஆறியதும் மறு கண்ணின் நிறத்திலேயே செயற்கைக் கண் பொருத்துவார்கள். குழந்தை பள்ளிக்கூடம் போகலாம், படிக்கலாம், வேலைக்குப் போகலாம்.

"கொலம்போ" என்ற டெலிவிஷன் தொடரில் துப்பறிவாளராக வந்து உலகப் புகழ் பெற்ற நடிகர் பீட்டர் பாக்கைத் தெரியுமா? இதே நோயால் 3 வயதில் வலது கண்ணை எடுத்தார்கள். செயற்கைக் கண்ணோடு நடித்துப் பேர் வாங்கி 83 வயது வரை வாழ்ந்தார். 2011-ல் காலமானார்.

யார் மீதும் பழி இல்லை

இது தொற்று நோய் அல்ல. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததால் வந்தது அல்ல. தாயின் குற்றமும் அல்ல. பிளாஷ் வெளிச்சத்தாலும் வராது. ஒரு மரபணுவில் ஏற்படும் கோளாறுதான் காரணம். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இருந்து இருக்காது.

ஆனால் பெற்றோரில் ஒருவருக்குப் பரம்பரை வகை இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் குழந்தை பிறந்தவுடனே கண்ணைக் காட்ட வேண்டும். நோய் வந்த குழந்தையின் அண்ணன், தம்பி, அக்காள், தங்கையையும் காட்ட வேண்டும்.

எங்கே போவது?

தாமதிக்காமல் முதலில் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு பக்கத்துக்காரர்களுக்குத் தஞ்சை அரசு ஆஸ்பத்திரிகள் கிட்டத்தில்தான் இருக்கின்றன. அங்கிருந்து பெரிய இடத்துக்கு எழுதிக் கொடுத்தால் மறுநாளே கிளம்புங்கள். சென்னை எழும்பூரில் 1819-ல் தொடங்கிய அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி ஆகியவையும் இருக்கின்றன.

செலவுக்குப் பயந்து வீட்டில் உட்கார வேண்டாம். முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி ஆஸ்பத்திரியிலேயே விசாரியுங்கள். ரேஷன் கார்டு, வருமானச் சான்றுகளைக் கையில் எடுத்துப் போங்கள். 104-க்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

தடுப்பூசிக்குத் தூக்கிப் போகும் நாளில், "கண்ணையும் ஒரு தடவை பாருங்க" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு நிமிஷ வேலை.

இன்றைக்கு பஸ் இறங்கி வீட்டுக்குப் போனதும், கடையை அடைத்து விட்டுச் சாப்பிட உட்காரும் முன்பு, செல்போனில் உள்ள குழந்தையின் போட்டோக்களை ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். இரண்டு கண்ணிலும் சிவப்பு இருந்தால் நிம்மதி. ஒரு கண்ணில் வெள்ளை தெரிந்தால்?

நாளைக் காலை முதல் பஸ்சில் தஞ்சாவூர் கிளம்புங்கள். நடவு ஒரு நாள் தள்ளிப் போனால் போகட்டும்!