80 சதவீதமா, 80 பெர்சென்டைலா?

பிளஸ் டூ முடிவு வந்ததும், "80 சதவீதம் வரவில்லை, உதவித்தொகை கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே ஒதுங்கிவிடும் பிள்ளைகளைக் கண்டு வருந்துகிறோம்.

கல்லூரி மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் கேட்பது 80 சதவீத மதிப்பெண்ணை அல்ல, 80-க்கு மேற்பட்ட பெர்சென்டைலை. அதாவது, தம் தேர்வு வாரியத்தில், தம் பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களுள் நூற்றுக்கு எண்பது பேரையாவது முந்தியிருக்க வேண்டும். வினாத்தாள் கடினமான ஆண்டில் 75 சதவீதம் பெற்றவரும் தகுதி பெறலாம். மதிப்பெண்ணை வாரி வழங்கிய ஆண்டில் 85 பெற்றவரும் வெளியே நிற்க நேரலாம். (இரண்டையும் ஒன்றென்றே எண்ணும் படித்த பெரியவர்களும் நம்மிடையே உண்டு.)

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் தேவை. அங்கே கேட்பது சதவீதம்தான்.