மிளகு: மருந்தை நம்பி வருபவருக்கு நல்ல சரக்கு

"பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்" என்பது முன்னோர் வாக்கு. இன்றும் 50 கிராம் மிளகு கேட்டு நம் கடைக்கு வருபவர்களில் பலர், வீட்டில் யாருக்கோ சளி, இருமல் என்றுதான் வருகிறார்கள். மளிகைக் கடையில் மருந்தாகவும் விற்கும் சரக்கு மிளகு.

மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்ற பொருள். இது உமிழ்நீரைச் சுரக்கச் செய்து செரிமானத்துக்கு உதவும். மஞ்சளில் உள்ள குர்குமினை உடல் ஏற்கவும் பைப்பரின் துணை செய்வதாக, பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல் ஆய்வு வெளியிட்டனர். மஞ்சள் போட்ட பாலில் நாலு மிளகைத் தட்டிப் போட்ட நம் தாய்மார்கள் செய்தது சரிதான். ஆனால் வயிற்றுப் புண் உள்ளவர்கள் அளவோடு சேர்க்க வேண்டும். காய்ச்சல் நீடித்தால் மருத்துவரிடம் போகச் சொல்வதே நமக்கு அழகு.

மிளகின் மணம் அதிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. பொடித்து வைத்தால் அது பறந்துவிடும். ஆகவே முழு மிளகாக விற்பதே நல்லது. ரசத்துக்கு அவ்வப்போது பொடித்து, இறக்கும் தறுவாயில் போடச் சொல்லுங்கள். பொங்கலுக்கு நெய்யில் பொரித்துப் போட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன், விலை மலிவு என்று நாம் கொள்முதல் செய்த ஒரு மூட்டையில் பப்பாளி விதை கலந்திருந்தது. கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, பிள்ளைக்குக் கஷாயம் வைக்க வாங்கிப் போனவங்க கேட்கிறாங்க, என்ன பதில் சொல்ல?" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்; பதில்தான் சொல்ல முடியவில்லை.

அன்று முதல் பார்த்தே வாங்குகிறோம். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டால் முற்றிய மிளகு அடியில் தங்கும். பொக்கு மிளகும் பப்பாளி விதையும் மிதக்கும். மிதந்ததைக் கடித்துப் பாருங்கள். பப்பாளி விதையில் மிளகின் மணம் இராது. வடிவமும் சற்று நீண்டிருக்கும். கையில் தேய்த்தால் எண்ணெய்ப் பசை ஒட்டும் அளவுக்குப் பளபளக்கும் மிளகையும் வாங்காதீர்கள். நன்கு காய்ந்த சரக்கை ஈரம் படாமல் மூடி வையுங்கள்; பூசணம் பிடித்ததை விற்காதீர்கள்.

கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினாலும் நல்ல மிளகு நட்டம் தராது. மருந்தென்று நம்பி வருபவரின் நம்பிக்கைதான் நமக்கு முதல்.