இரண்டு திமில்

டெங்கு வார்டில் பெற்றோர் முதலில் கேட்பது "பிளேட்லெட் எவ்வளவு?" என்றுதான். கேஸ் ஷீட்டின் மேல்வரியில் இருக்கும் வயதை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. புதிர் அங்கேதான் ஒளிந்திருந்தது.

1960களின் தொடக்கத்தில், பாங்காக்கில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட்டும் அவரது குழுவினரும் கடுமையான டெங்குவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிள்ளைகளை வயதுவாரியாக எண்ணிப் பார்த்தார்கள். கோடு போட்டால் ஒட்டகத்தின் முதுகு போல இரண்டு திமில்! ஒன்று, ஏழெட்டு மாதக் குழந்தைகளிடம். ஒரு வயதைக் கடந்ததும் பள்ளம். மூன்று வயதுக்கு மேல் மறுபடி ஏற்றம்.

பெரிய பிள்ளைகளின் கதை ஓரளவு புரிந்தது. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்துபோன உடம்பில் அதற்கான எதிர்ப்பொருள் தங்கிவிடும். அடுத்து வேறொரு வகை வந்தால் அந்தப் பழைய எதிர்ப்பொருள் அதன்மேல் ஒட்டும், ஆனால் அடக்காது. எதிர்ப்பொருள் ஒட்டியதையெல்லாம் உள்ளே இழுத்துச் செரிப்பது விழுங்கணுக்களின் வேலை. டெங்கு பெருகுவதோ அந்த அணுக்களுக்குள்தான். எதிரியைப் பல்லக்கில் ஏற்றிக் கோட்டைக்குள் இறக்கிவிட்ட கதை.

ஏழு மாதக் குழந்தைக்கு முந்தைய டெங்கு ஏது? இரத்தப் பரிசோதனையும் இதுதான் முதல் தொற்று என்றது. டெங்கு வந்திருந்தது அம்மாவுக்கு. கருவில் இருக்கும்போதே தொப்புள்கொடி வழியே அவளுடைய எதிர்ப்பொருள் குழந்தைக்கு வந்துவிடுகிறது. (தாய்ப்பாலை இதில் யாரும் குறை சொல்லிவிட வேண்டாம்.) முதல் சில மாதங்கள் அது நல்ல காவல். மாதாமாதம் கரைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் வைரஸை அடக்கப் போதாமல், பல்லக்குத் தூக்க மட்டும் போதுமான அளவில் நிற்கிறது. ஒரு வயதுக்குள் அதுவும் தீர்ந்துவிடும். அதனால்தான் அந்தப் பள்ளம். ஒன்றுமே இல்லாத குழந்தையைவிட அரைகுறையாக மிச்சம் வைத்திருக்கும் குழந்தைக்கு ஆபத்து அதிகம்!

இந்த விளக்கத்தோடு மல்லுக்கு நின்றவர்கள் பலர். ஆனால் 1988இல் பாங்காக்கிலிருந்தே அதற்கு வலுச் சேர்க்கும் ஒரு கணக்கு வெளிவந்தது: பிரசவத்தின்போது தாயிடம் எதிர்ப்பொருள் எவ்வளவு கூடுதலோ, குழந்தைக்குக் கடுமையான டெங்கு வந்த மாதமும் அவ்வளவு தள்ளிப் போயிருந்தது. நிறைய வாங்கி வந்த குழந்தைக்கு அபாய அளவு வரை கரைய நாளாகும், அவ்வளவுதான்.

அரைகுறை எதிர்ப்பு ஆபத்து என்ற இந்தப் பாடம் தெரிந்திருந்தும் 2016இல் பிலிப்பைன்ஸில் எட்டு லட்சத்துக்கும் அதிகமான பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்கு தடுப்பூசி போட்டார்கள். முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு அந்த ஊசியே முதல் தொற்று போல ஆகிவிட்டது. பின்னால் நிஜக் கொசு கடித்தபோது நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடியது. 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே இதைச் சொன்னது. திட்டம் நின்றது. மறு ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை மாறியது: இரத்தம் எடுத்துப் பாருங்கள், டெங்கு ஏற்கெனவே வந்தவர்களுக்கு மட்டும் இந்தத் தடுப்பூசியைப் போடுங்கள்.