கோடு எங்கே நிற்கிறது?

1868-ஆம் ஆண்டின் கோடையில் ஸ்பெயினின் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் அப்பாவும் மகனும் நுழைந்தார்கள். மண்ணுக்கு மேலே தெரிந்த எலும்புகளைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துவந்தார்கள். மகனுக்குப் பதினாறு வயது. ஓவியனாகத்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவன். அறுவை மருத்துவரான அப்பாவோ அவனை மருத்துவனாக்கியே தீருவது என்றிருந்தார். ஓவியப் பித்தைத் தெளியவைக்கச் சவரக் கடையிலும் செருப்புத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டுப் பார்த்தாயிற்று. கடைசியில் எலும்புகள்தான் வழக்கைத் தீர்த்தன. பையன் அவற்றை வரையத் தொடங்கினான். வரைய வரைய, உடற்கூறியல் அவனுக்குப் பிடித்துப்போனது.

அந்தப் பையன்தான் சான்டியாகோ ரமோன் இ கஹால், நவீன நரம்பியலின் தந்தை. மருத்துவரான பிறகும் அவர் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. சுமார் 2,900 படங்களை விட்டுச் சென்றிருக்கிறார்.

1873-இல் இத்தாலிய மருத்துவர் கமில்லோ கோல்கி ஒரு சாயமுறையைக் கண்டுபிடித்தார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் இட்டால், ஒருசில செல்கள் மட்டும் கிளை நுனிவரை கருத்துத் தெரியும், மற்றவை ஒதுங்கிக்கொள்ளும். 1887-இல் மாட்ரிட்டில் இந்தச் சாயமிட்ட துண்டைப் பார்த்த கஹால் அசந்துபோனார்.

நரம்புக் கிளைகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய ஒரே வலை என்றார் கோல்கி. இல்லை, ஒவ்வொரு செல்லும் தனி; கிளைகள் நெருங்குகின்றன, கலப்பதில்லை என்று 1888-இல் பறவைகளின் சிறுமூளையை வைத்துச் சொன்னார் கஹால். இருவரும் பயன்படுத்தியது ஒரே சாயம்.

ஓவியம் மட்டுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அல்ல. கோல்கியும் வரைந்தவர்தான். கஹால் சாயமுறையை மேம்படுத்தினார். கிளைகள் அடர்ந்து சிக்கலாகாத இளம் மூளைகளையும் கருக்களையும் தேர்ந்தெடுத்தார். ஆனால் கண்டதை உறுதிசெய்த இடம் அவருடைய காகிதம். நுண்ணோக்கி ஒரு நேரத்தில் ஒரு தளத்தை மட்டுமே தெளிவாகக் காட்டும். திருகைத் திருப்பினால் ஒரு கிளை மங்கும், இன்னொன்று துலங்கும். அன்றைய புகைப்படத்தில் இத்தனை தளங்களையும் சேர்க்க முடியாது. கஹால் கைதேர்ந்த புகைப்படக்காரர். அப்படியிருந்தும் செல்களுக்குப் பென்சிலையே எடுத்தார். கேமரா எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. வரைபவர் செய்தாக வேண்டும்: இந்தக் கோடு அடுத்த கோட்டைத் தொடுகிறதா, முன்னாலேயே நிற்கிறதா? தெரியவில்லையென்றால் மறுபடி நுண்ணோக்கியிடம் போக வேண்டும்.

தினமும் பார்ப்பதாலேயே ஒரு பொருள் நமக்குத் தெரிந்துவிடாது. 2006-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா லாசன் பலரைச் சைக்கிள் வரையச் சொன்னார். சங்கிலியை இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து மாட்டியவர்கள் உண்டு. ஓடவே முடியாத சட்டங்களை வரைந்தவர்களும் உண்டு. நீங்களும் இப்போதே ஒரு தாளில் வரைந்து பாருங்கள். எந்த இடத்தில் கை தயங்குகிறதோ, அதுவரைதான் உங்களுக்குச் சைக்கிள் தெரியும்.

இப்படிக் கூர்ந்து பார்ப்பதைப் பழகிக்கொள்ள முடியும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர்கள் 36 பேரில் ஒரு பாதியினருக்கு அருங்காட்சியகத்தில் ஓவியங்களைக் கவனித்து விவரிக்கப் பயிற்சி அளித்தார்கள். ஒன்றரை மணி நேரம் வீதம் ஆறு வகுப்புகள். 2018-இல் வெளியான முடிவின்படி, கண்நோய்ப் படங்களைக் கவனித்து விவரிப்பதிலும் அவர்கள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள்.

கல்லூரியோடு வரைவதை விட்டுவிட்ட பொறியாளர்களும் மென்பொருள் எழுதுபவர்களும் நம்மிடையே ஏராளம். வேலைக்கு நேரம் வேண்டும் என்றுதான் விட்டிருப்பார்கள். வாரம் ஒருமுறை ஒரு குழாயையோ பூட்டையோ எதிரே வைத்து வரையலாம். புதிய வேலையைத் தொடங்குமுன், தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று தாளில் கோடிழுத்துப் பார்க்கலாம். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. அம்புக்குறி போட முடியாத இடம் எது என்று தெரிந்தால் போதும்.

1906-இல் நோபல் பரிசு கஹால், கோல்கி இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. பரிசு மேடையிலும் கோல்கி தன் வலையை விட்டுக்கொடுக்கவில்லை. 1934-இல் கஹால் காலமானார். 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி செல்களுக்கு இடையிலான இடைவெளியைக் காட்டியது: ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. கஹால் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆனாலும் அவர் படங்களில் கோடு அந்த இடத்தில் நின்றிருந்தது.