கறுவா இல்லாத கறுவாக்காடு

கொழும்பு 7 என்று தபாற்காரர் அறிந்த பகுதியை நம்மவர் இன்றும் கறுவாக்காடு என்றே வழங்குகின்றனர். அங்கே காடுமில்லை, கறுவாவுமில்லை. நிழல் தரும் பெருமரங்களும் பழைய பெயரும் உண்டு.

காட்டில் தானாக வளர்ந்த கறுவாவையே நெடுங்காலம் பெற்றுவந்த ஒல்லாந்தர், அதனைத் தோட்டமாகப் பயிரிடத் தொடங்கியது தேசாதிபதி பால்க் காலத்திலாகும். 1769ஆம் ஆண்டளவில் மருதானையில் நட்ட செடிகளே அதற்குத் தொடக்கம். அதன் மணத்தை ஐரோப்பா நுகர்ந்தது. பாரத்தைச் சாலகம குலத்தார் சுமந்தனர். பட்டை உரித்தல் அவர்க்குக் கட்டாய ஊழியமாயிருந்தது. அனுமதியின்றி மரத்தை வெட்டினோர்க்கு மரண தண்டனையும் விதிக்கச் சட்டம் இடங்கொடுத்தது. மாலையில் அவ்வழியே உலாவுவோருள் எத்தனை பேர் இதனை நினைக்கின்றனரோ!

1833இல் அரசின் ஏகபோகம் நீங்கியது. காலப்போக்கில் தோட்டங்கள் கைமாறின; செல்வர் மாளிகைகள் எழுந்தன. அவற்றின் சிறப்பைப் பிறர் எழுதட்டும். உயர்ந்த மதில்களுக்கு அப்பால் என்ன உண்டென்பதை வழிப்போக்கன் அறியான்.

அவனுக்கும் திறந்த வாயில் ஒன்று உண்டு. தேசாதிபதி கிரகரியின் முயற்சியால் 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்ட நூதனசாலையே அது. கட்டிமுடித்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி. என்ன கைம்மாறு வேண்டுமென்று தேசாதிபதி வினவ, வெள்ளிக்கிழமைகளில் மூடிவைத்தாற் போதுமென அவர் விடையிறுத்தார் என்பர்.

காலியிற் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. சீனக் கடற்றலைவர் செங் ஹோ கொணர்ந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல் அது. புத்தருக்கு அளித்த காணிக்கையைச் சீனத்திலும், தேனாவரை நாயனாருக்கு அளித்ததைத் தமிழிலும், அல்லாஹ்வுக்கு அளித்ததைப் பாரசீகத்திலும் அது கூறுகின்றது. காணிக்கைகள் ஏறக்குறைய சமமானவை. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், மன்னரின் சிங்காசனத்தைக் காட்டும் அவசரத்தில் இக்கல்லைத் தாண்டிப் போய்விடலாகாது.

நூதனசாலை திறந்த அதே 1877இல் கொழும்பிற் பிறந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அருகிலுள்ள வீதியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கலாபவனத்தை அடுத்த நடைபாதையில், ஓவியர்கள் தம் படைப்புக்களை வேலியிற் சாய்த்து வைத்து விலை கூறுகின்றனர். யானை, தாமரை, மீனவர் என்று அதே பொருள்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு கலைவிமரிசகர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் மதிலுக்குள் இருப்பவரும் பேருந்தில் வந்தவரும் ஒரே படத்தின் முன் நின்று பேரம் பேசுமிடம் இப்பகுதியில் வேறு அதிகமில்லை. மழை தூறினால் படங்களைப் பொலித்தீனால் மூடிவிட்டு, எல்லோரும் மரத்தடிக்கே ஓடுகின்றனர்.