வேலைக்குச் செல்வோரும் வீட்டில் இருப்போரும்

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, கிணறு, பள்ளிக்கூடம் ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. குடும்பத்தைத் தாங்கி நிற்கும் தாய்மாரின் மனச்சுமையை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அச்சுமை நகரத்திற்கு மட்டும் உரியதன்று. குமரி மாவட்டத்து நெய்யூர் போன்ற ஊர்களிலும் உண்டு.

1838-ஆம் ஆண்டில் லண்டன் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஊர் நெய்யூர். இவ்வட்டாரத்தில் செவிலியராகவும் ஆசிரியைகளாகவும் பணியாற்றும் பெண்கள் பலர். மக்கள் ‘அண்டி ஆபீஸ்’ என வழங்கும் முந்திரி ஆலைகளில் உழைப்போரிலும் பெண்களே மிகுதி. அங்குக் கொட்டை உடைப்போர்க்கும் பருப்பின் தோல் உரிப்போர்க்கும் எடைக் கணக்கில் கூலி தரும் வழக்கம் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு சற்றுத் தாமதித்தால் அன்றைய வருவாய் குறையும். இரவுப் பணி முடித்துத் திரும்பும் செவிலிக்கோ, உறக்கத்திற்கு முன்னே அடுப்படி காத்திருக்கும். இவர்களை வருத்துவது வேலையின் கடுமை மட்டுமன்று, நேரமின்மையுமாகும்.

அவ்வாறாயின் வீட்டில் இருக்கும் பெண் கவலையற்றவளா? அன்று. அவளுடைய வேலைக்குக் கூலி இல்லை; விடுமுறையும் இல்லை. கணவர் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற வீடுகளில் பிள்ளைகளின் படிப்பு, முதியோரின் நோய், கடன் தவணை யாவும் அவள் தலைமேல் விழுகின்றன. கைச்செலவிற்கும் பிறரைக் கேட்க வேண்டிய நிலை ஒருபுறம். ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்’ என்னும் சொல் மறுபுறம்.

இருவரின் துன்பத்திற்கும் பொதுவான வேர் ஒன்றுண்டு. வீட்டு வேலை பெண்ணுக்கே உரியது என்ற எண்ணமே அது. 2024-ஆம் ஆண்டில் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அவற்றிற்குச் செலவிடுகின்றனர். அவ்வாறு ஈடுபடும் ஆண்களோ 88 நிமிடங்களையே செலவிடுகின்றனர்.

தமிழக அரசு 2022-இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டம் தாய்மாரின் காலைச் சுமையைச் சிறிது குறைத்தது. 2023-இல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை, இல்லத்தரசியின் உழைப்பிற்கு அளிக்கப்பட்ட ஒரு மதிப்பாகும். எனினும், அடுப்படியில் பங்கு கொள்ள எந்தத் திட்டமும் வர இயலாது. அதற்குக் குடும்பத்தாரே முன்வர வேண்டும். தண்ணீர் எடுத்தல், துணி துவைத்தல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவற்றை ஆண்மக்களும் பகிர்ந்துகொள்வது இழிவன்று. மகளிர் சுய உதவிக் குழுக்களும் கடன் கணக்கோடு நில்லாது, உறுப்பினர் தம் கவலைகளைப் பேசிக்கொள்ள இடமளித்தல் நன்று.

உறக்கமின்மை, ஓயாத தலைவலி, எதிலும் பற்றின்மை ஆகியவை பல நாள் நீடித்தால், அவற்றைச் சோம்பல் என்று தள்ளிவிடலாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். 14416 என்னும் தொலைபேசி எண்ணிலும் மனநல ஆலோசனையை இலவசமாகப் பெறலாம்.

தாயின் மனம் அமைதியுற்றால் வீடு செழிக்கும். வீடு செழித்தால் ஊர் உயரும். அப்பணியை நம் வீட்டிலிருந்தே தொடங்குவோமாக.