மண்புழு ரத்தம் ஏன் சிவப்பு?

மண்வெட்டி பட்டு மண்புழு துண்டானால் சிவப்பாக ரத்தம் கசியும், பாத்திருப்பீங்க. தோட்டத்து நத்தையை நசுக்கினால் அப்படி வராது. நத்தை, நண்டு ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது செம்பு. வாயு சேர்ந்தால் நீலம் தட்டும், இல்லாவிட்டால் நிறமே இருக்காது. மண்புழுவுக்கு நம்மைப் போல இரும்புதான்.

ஆனா கட்டுமானம் வேற. நம்ம ஹீமோகுளோபின் சிவப்பணுக்களுக்குள்ளே அடைபட்டிருக்கு. ஒரு மூலக்கூறுக்கு நாலே புரதச் சங்கிலி. அதை அணுவுக்கு வெளியே விட்டால் ரெண்டாகப் பிரிந்து சிறுநீரகம் வழியாகப் போயிடும். மண்புழுவுக்குச் சிவப்பணுவே கிடையாது. புரதம் ரத்தநீரில் கரைந்து ஓடுது. அதோட உடம்பு வளையங்களில் கழிவை வடிக்கும் நுண்குழல்கள் வரிசையா இருக்கு. அதில் நழுவிப் போகாமல் இருக்கணும்னா மூலக்கூறு பெருசா இருக்கணும்.

எவ்வளவு பெருசு? வாழைத்தாரை நினைச்சுக்குங்க. 12 சங்கிலி சேர்ந்து ஒரு சீப்பு. அப்படி 12 சீப்பு. மேலடுக்கில் 6, கீழடுக்கில் 6, அறுகோணமாகச் சுற்றி நிற்கும். ஆக 144 சங்கிலி, ஒவ்வொன்றிலும் ஒரு இரும்பு அணு. நடுவில் தண்டு மாதிரி பிடிச்சு நிறுத்த 36 இணைப்புச் சங்கிலி. அந்தப் பிடிப்புக்குச் சுண்ணாம்புச்சத்தும் வேணும். எடை சுமார் 36 லட்சம் டால்டன், நம்முடையது 64,500தான். லும்ப்ரிகஸ் டெரஸ்ட்ரிஸ் என்ற ஐரோப்பிய மண்புழுவில் கண்ட கணக்கு இது. நம்ம ஊர்ப் புழுவுக்கும், ஏன், ரத்தம் குடிக்கிற அட்டைக்கும்கூட இதே வகைக் கட்டுதான்.

இத்தனை பெரிய சுமைவண்டி இருந்தும் சரக்கு ஏறுவது தோல் வழியாக மட்டுமே. மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை. தோலின் ஈரத்தில் கரைந்த பிராணவாயுதான் அடியில் ஓடும் ரத்தக்குழாய்க்குள் போகும். தோல் காய்ந்தால், சுற்றிலும் காற்று இருந்தும் புழு மூச்சுமுட்டிச் சாகும். வெயிலில் மண்ணைப் புரட்டிப் போட்டால் நடப்பது அதுதான். தண்ணி தேங்கினாலும் சிக்கல்: நீரிலுள்ள பிராணவாயுவை நுண்ணுயிர்கள் தீர்த்துடும்.

ஆகவே வெயில் படாமல் மூடாக்கு, மழைநீர் தேங்காமல் வடிகால், ரெண்டும் வேணும். தொட்டியில் மண்புழு உரம் போடுறவங்களுக்கும் இதே கணக்குதான்: கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரியணும், தண்ணி சொட்டக்கூடாது.